வியாழனுக்கு மறுநாள்

இல்லாத ஊர் ஒன்று நிலக்கரி கேட்டது. ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, நூற்று அறுபத்தைந்து வீடு. ஊரின் பெயர் கட்டூ-புலாக். நாரின் மாகாண வரைபடத்தை மேசை முழுக்க விரித்து, கண்ணாடியை மேலே ஏற்றிக் கீழே இறக்கி, சாய்ரா இரண்டு மணி நேரம் தேடினாள். மலை இருந்தது, ஆறு இருந்தது, போன நூற்றாண்டிலேயே இடிந்துபோன ஆட்டுப்பட்டிகூட இருந்தது. கட்டூ-புலாக் மட்டும் இல்லை.

தேடுவதுதான் அவளுக்குச் சம்பளம். கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில், அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறை அவளுடையது. அரசாங்கம் எந்தக் கணினி ஏற்பாட்டைக் கொண்டுவந்தாலும், அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்த்து அவள் மதிப்பீட்டு அறிக்கை எழுதவேண்டும். அறிக்கையில் அவள் கையெழுத்து விழுந்த பிறகுதான் அதற்கான அரசு விதி வரும். பதினாறு வருடமாக எழுதுகிறாள். பாதி அறிக்கையை யாரும் படித்ததில்லை. மீதியைப் படித்தவர்கள் அவளிடம் பேசுவதில்லை.

இந்தத் தடவை வந்திருந்தது குரல் பதிவேடு. அரசு நிலக்கரி வாங்கும் குடும்பங்களை எழுதிவைக்கிற பழைய தடிப் புத்தகத்துக்குப் பதில் ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டால் ஒரு தேன்குரல் எடுக்கும். எந்த ஊர், வீடு யார் பேரில், எத்தனை தலை, எத்தனை ஆடு என்று கேட்கும். சொன்னால் பதிந்துகொள்ளும். அவ்வளவுதான். எழுத்தரும் வேண்டாம், மையும் வேண்டாம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைச் செய்த நிறுவனத்தின் தலைவன் பாய்சால் திரையில் படம் போட்டுக் காட்டினான். கணுக்கால் தெரிகிற கால்சட்டை, காலுறை இல்லை. வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.

"நூறு அழைப்புல தொண்ணூத்தொன்பதே முக்கால் வெற்றிங்க. உலகத்துலயே இப்படிக் கிடையாது," என்றான்.

"வெற்றின்னா என்ன அர்த்தம்?" என்று சாய்ரா கேட்டாள்.

"கடைசிக் கேள்வி வரைக்கும் பதில் வந்திருக்கு. பாதியில யாரும் போனை வைக்கல."

"சொன்ன பதில் சரியா?"

பாய்சால் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அவங்க வீட்டைப் பத்தி அவங்களே சொல்றாங்கக்கா. தப்பாவா சொல்லிடுவாங்க?"

மேசையின் தலைமாட்டில் துணை அமைச்சர் ஷார்கான் சாதிரோவ்னா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. அவர் நடைக்கூடத்தில் வரும் சத்தம் கேட்டால் ஆண்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். கெட்டிக்காரி, நேர்மையானவர், பொறுமை மட்டும் கடுகளவும் கிடையாது. கட்டூ-புலாக் விவகாரம் அவரை உலுக்கிவிட்டிருந்தது.

"வரைபடத்துலயே இல்லாத ஊரு. நூத்தறுபத்தஞ்சு வீட்டுக்குக் கரி! பக்கத்துலயே தாஷ்-புலாக்னு நிஜ ஊர் ஒண்ணு இருக்கு. அந்த ஊரு எழுத்தன் சாகின்பாய் ஆளை வச்சுப் போன் பண்ணின திருட்டுத்தனம் இது. பேரைக்கூடப் பாரு, ஒட்டுன மாதிரியே வச்சிருக்கான்."

விதியின் நகலைச் சாய்ராவின் பக்கம் தள்ளினார். நவம்பர் முதல் காகிதப் பதிவேடு மூடப்படும். குரல் பதிவேட்டில் உள்ள வீட்டுக்கு மட்டுமே அரசு நிலக்கரி. போலி ஊர்கள் நீக்கப்படும், எழுத்தர்மேல் வழக்குத் தொடரப்படும். அடியில் மதிப்பீட்டாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"எனக்கு ஏழு நாள் பொறுமை இல்ல. வியாழனுக்கு மறுநாள், காலைல பத்து மணி. கையெழுத்தோட வா."

ஷார்கான் சாதிரோவ்னா அப்படித்தான் பேசுவார். ஒரு வாரம் என்று சொல்லமாட்டார், ஏழு நாள் என்பார். வெள்ளிக்கிழமை என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை, வியாழனுக்கு மறுநாள் என்பார். அமைச்சகத்தில் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். நாளை எண்ணிச் சொன்னால்தான் கீழே இருப்பவன் பயப்படுவான் என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்றார் ஒருவர். பழைய கால அதிகாரத் திமிர் என்றார் இன்னொருவர். வாகன ஓட்டிகள் தங்களுக்குள் வெள்ளிக்கிழமைக்கே 'வி.ம.' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சாய்ரா அறைக்குத் திரும்பி, மறுபடி மறுபடி கணக்குப் பார்த்தாள். காகிதப் புத்தகத்தின்படி தாஷ்-புலாக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. குரல் பதிவேட்டில் நூற்று நாற்பத்தேழு. குறைகிறது நூற்று அறுபத்தைந்து. கட்டூ-புலாக்கில் இருப்பதும் அதே நூற்று அறுபத்தைந்து. திருடன் இவ்வளவு அழகாகவா திருடுவான்? ஒரு வீடு கூட்டிக் குறைத்தாவது போட்டிருக்க மாட்டானா? அங்கே ஜனவரியில் குளிர் முப்பது டிகிரிக்குக் கீழே போகும். கையெழுத்துப் போட்டபின் அந்த வீடுகள் நிஜம் என்று தெரிந்தால் என்ன செய்வது?

புதன்கிழமை விடியுமுன் பங்கு டாக்சியில் ஏறி, பகல் பதினொரு மணிக்குத் தாஷ்-புலாக் பிரிவில் இறங்கினாள். வேலியோரம் ஒரு பெண் சாணி வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க கட்டூ-புலாக் எங்க இருக்கு?" என்று சாய்ரா கேட்டாள்.

"அப்படி ஒரு ஊரே இல்ல," என்றார் கிழவர்.

"இதுதான்," என்றாள் அந்தப் பெண்.

சாய்ரா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். கிழவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "இது தாஷ்-புலாக்கும்மா. என் தாத்தா காலத்துலேர்ந்து தாஷ்-புலாக். இவ சொல்றதை விடு."

"ஆமாக்கா, அவர் சொல்றதுதான்," என்று தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். "ஆனா நீங்க கேட்ட ஊரும் இதுதான்."

கிழவர் குதிரையில் ஏறிப் போகிறவரை அவள் வாயைத் திறக்கவில்லை. போனதும் குபீரென்று சிரித்துவிட்டாள். அவள் பெயர் பூருல். போனவர் அவளுடைய மாமனார்.

"அவர் பேரு என்னம்மா?"

"அது எப்படிக்கா நான் சொல்றது? மலையில கெடக்குமே, காலை இடிச்சுக்குவோமே, கெட்டியா. அதுல ஆரம்பிக்கும்."

"கல்லா? தாஷ்?"

"நீங்க சொல்லலாம், நான் சொல்லக்கூடாது." பூருல் சாணிக் கையை வேலியில் துடைத்தாள். "அவர் அந்த-போலோத். அவர் தம்பி அந்த-தான். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த-மாத். கல்லு மாதிரி ஆயுசு வேணும்னு இந்த ஊர்ல பாதி ஆம்பளைக்கு அதே பேரை வச்சுத் தொலைச்சிருக்காங்க. மாமனார் பேருல இருக்கிற வார்த்தையை மருமக வேற எங்கயும் சொல்லலாமா? ஊர் பேருலயும் அதே இருக்கு. அதான் நாங்க கெட்டி ஊத்துன்னு சொல்லிக்குவோம். கட்டூ-புலாக்."

சாய்ரா வேலிக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பதிவேட்டுக்குப் போன் பண்ணினது யாரு? ஆம்பளைங்க பண்ணலையா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! பாதிப் பேரு ரஷ்யாவுல, மீதிப் பேரு மந்தை பின்னாடி. வீட்ல போனை வச்சிருக்கிறது மருமகதானே? அந்தப் பொம்பள குரல் கேட்டுச்சு, எந்த ஊருன்னு. கட்டூ-புலாக்னேன். 'அப்படி ஊர் இல்லை, புதிதாகச் சேர்க்கவா?'ன்னுச்சு. எவ்வளவு மரியாதையாக் கேக்குது! சேருன்னேன். வீடு யார் பேர்லன்னுச்சு. கட்டூபோலோத்னேன். நன்றின்னு சொல்லிச்சு."

முந்தைய புத்தகத்தில் எப்படிச் சரியாக இருந்தது என்று தெரிந்துகொள்ளச் சாய்ரா எழுத்தர் அலுவலகத்துக்கு ஓடினாள். சாகின்பாய் அடுப்புக்குப் பக்கத்தில் தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருடன் என்று பெயர் வாங்கிய மனிதர், முழங்கை கிழிந்த ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"இதுல என்ன ரகசியம் தங்கச்சி? முப்பத்தோரு வருஷமா இவளுங்க வந்து நின்னு கட்டூபோலோத்ம்பாளுங்க. நான் தாஷ்போலோத்னு எழுதுவேன். வெள்ளையானதும்பாங்க, பால்னு புரிஞ்சுக்குவேன். கூர்ப்பானதும்பாங்க, கத்தி. எழுதுறது என்ன பெரிய வேலை, காதால கேட்டதைத் திருத்தறதுதான் வேலை." புத்தகத்தை மூடினார். "அந்த மிஷினுக்கு யாரும் மாமனார் இல்ல போலிருக்கு."

"இதை ஏண்ணே மேலிடத்துக்குச் சொல்லல?"

"மூணு கடுதாசி போட்டேனே. 'உங்கள் புகாரைக் குரல் வழியாகப் பதியவும்'னு பதில் வந்துச்சு."

பூருல் வீட்டில் தேநீரும், பூர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகளும் வைத்தார்கள். அக்கம்பக்கத்து மருமகள்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சாய்ரா அதிகாரி மிடுக்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்தக் காலத்துல இதெல்லாம் என்னம்மா? போன்ல, யாருக்கும் கேக்காம ஒரே ஒரு தடவை நிஜப் பேரைச் சொன்னா என்ன கொறைஞ்சிடும்?"

பூருல் கன்னத்தில் கை வைத்து அவளைப் பார்த்தாள். "சரிக்கா. உங்க மாமனார் பேரு என்ன?"

"எங்க மாமனாரா? அவர் பேரு..." சாய்ராவின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. "அது வந்து... ரயில் எது மேல ஓடுது? அது எதால செஞ்சது? அந்தப் பேரு."

அறையே அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பூர்சோக் புரையேறி வெளியே ஓடினாள். சாய்ராவுக்குக் காது வரை சிவந்துபோனது. பல்கலைக்கழகப் பட்டம் இரண்டு, பதினாறு வருட மதிப்பீட்டு அனுபவம், பிஷ்கெக் வீடு. ஆனாலும் தெமிர்பெக் என்று கல்யாணமான நாள் முதல் அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. தெமிர் என்றால் இரும்பு; ரயில் பாதைக்குக் கிர்கிஸில் இரும்புப் பாதை என்றுதான் பெயர். அதனால் ரயில் பாதையை அவள் நீளப் பாதை என்பாள். பிள்ளைகள் கேலி செய்யும். அவளுக்கு அது வழக்கம் என்றே தோன்றியதில்லை, நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

"பாவம் அக்கா, நம்ம ஆளுதான்," என்று பூருல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. "சிரிப்பு இருக்கட்டும். கரி வருமாக்கா? போன தடவை லேட்டாச்சுன்னு சின்னவனுக்கு மார்ல சளி கட்டி ஆஸ்பத்திரில கெடந்தோம்."

"வரும்," என்றாள் சாய்ரா. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது.

திரும்பும் வழியில் பூம் கணவாயில் தண்டவாளம் சாலையோடு சேர்ந்து ஓடியது. நீளப் பாதை என்று மனசுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டாள். வேறு யாரெல்லாம் இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள் என்று ஓடியது யோசனை. வியாழனுக்கு மறுநாள். ஏழு நாள். கிர்கிஸ் மொழியில் வெள்ளிக்கிழமைக்கும் ஜுமா, வாரத்துக்கும் அதே ஜுமா. ஐயோ! சாய்ரா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அது திமிரும் இல்லை, அதிகாரமும் இல்லை. துணை அமைச்சர் ஷார்கான் சாதிரோவ்னா யாரோ ஒரு ஜுமாபாய்க்கோ ஜுமாபெக்குக்கோ மருமகள்!

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதே மேசை. சாய்ரா நடந்ததை முழுக்கச் சொன்னாள். பாய்சால் உதட்டைப் பிதுக்கினான்.

"கதை நல்லாருக்குக்கா. நாலு கிராமத்துப் பொம்பளைங்க வெக்கப்பட்டதுக்காக நாட்டோட விதியை மாத்த முடியுமா?"

ஷார்கான் சாதிரோவ்னாவும் மசியவில்லை. "ஒரு பேரைச் சொல்றதுல என்ன வந்துச்சு? அரசாங்கம் கேட்டா சொல்லணும். எழுத்தன் உனக்குக் காதுல பூச் சுத்திட்டான் சாய்ரா. கையெழுத்தைப் போடு."

பேனா எதிரே கிடந்தது. இவர் கோபப்பட்டால் அடுத்த மாதம் அவள் எங்காவது மூலையில் கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருப்பாள். பூருலின் சின்னவன் நினைவுக்கு வந்தான்.

"போடறேன். அதுக்கு முன்னாடி இங்கேயே ஒரே ஒரு சோதனை. எந்த வீட்டு மருமகளாவது ஒருத்தர் பேசிக் காட்டினா போதும். நான் பேசினா நடிக்கிறேன்னு சொல்லுவீங்க."

கூட்டத்தில் பெண்கள் இரண்டே பேர். பாய்சால் உற்சாகமாகத் துள்ளி எழுந்தான். தன் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, இரண்டு கையாலும் துணை அமைச்சர் முன்னால் வைத்தான்.

"நீங்களே பேசுங்க, ஷார்கான் சாதிரோவ்னா. ஒரு நிமிஷம்கூட ஆகாது!"

"வணக்கம்," என்றது தேன்குரல். "எந்த ஊர்?"

"பிஷ்கெக்," என்று அதட்டினார். தெரு, வீட்டு எண், பழைய பதிவு எண் எல்லாம் படபடவென்று சொன்னார்.

"மிக்க நன்றி. வீடு யார் பெயரில் உள்ளது?"

ஷார்கான் சாதிரோவ்னா வாயைத் திறந்தார். வீடு இன்னும் மாமனார் பேரில்தான் இருந்தது. எண்பத்தாறு வயது. காலையில் மருமகள் கையால்தான் அந்தக் கிழவர் சூப் வாங்கிக் குடித்திருந்தார். ஆண்கள் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்கவில்லை. தயவுசெய்து மீண்டும் சொல்லுங்கள்."

அவர் தொண்டையைச் செருமினார். சாய்ராவைப் பார்த்தார். சாய்ரா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிக்க அல்ல, அந்தச் சங்கடத்தைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. திறந்த வாயோடு நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"கேட்கவில்லை. தயவுசெய்து மீண்டும் சொல்லுங்கள்."

"வியாழனுக்குமறுநாள்பாய்," என்றார் துணை அமைச்சர்.

"மிக்க நன்றி. வியாழனுக்குமறுநாள்பாய் குடும்பம் பதியப்பட்டது. வெற்றி!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற தைரியம் அந்த அறையில் ஒருவனுக்கும் கிடையாது. ஒருவர் மட்டும் இருமுவதுபோல இருமினார். ஓரமாக உட்கார்ந்திருந்த வாகனப் பிரிவு அதிகாரி, 'வி.ம.' என்பதன் முழு அர்த்தம் இப்போது புரிந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்தார். பாய்சால் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துணை அமைச்சரின் சொந்தக் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து. எடுத்தார். காது மந்தமான கிழவரின் குரல், ஒலிபெருக்கியே தேவையில்லாமல் அறை முழுக்கக் கேட்டது.

"மருமகளே! எனக்கு அரசாங்கத்துலேர்ந்து செய்தி வந்திருக்கு. இந்த வீட்ல ஜுமாபாய்னு யாரும் இல்லையாம், என் கரியை ரத்து பண்ணிட்டாங்களாம். வேற எவனோ குடியிருக்கானாம். யாரும்மா அவன்? எப்ப வந்தான்? நான் இன்னும் உயிரோட இருக்கேன்னு உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லேன்!"

"சொல்றேன் அப்பா," என்றார் ஷார்கான் சாதிரோவ்னா. அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அந்தக் கட்டடம் கேட்டதில்லை. "இப்பவே சொல்றேன். நீங்க மிச்சச் சூப்பையும் குடிச்சிட்டுப் படுங்க."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு விதியின் நகலைத் தன் பக்கம் இழுத்தார். சாய்ராவுக்கு வைத்திருந்த பேனாவை எடுத்து, போலி ஊர்கள் நீக்கம் என்ற வரியை ஒரே இழுப்பில் அடித்தார். எழுத்தர்மேல் வழக்கு என்பதை இரண்டு முறை அடித்தார்.

"எழுதிக்க," என்றார் சுருக்கெழுத்துக்காரரிடம். "காகிதப் புத்தகம் இருக்கும். மிஷின் எழுதினதை ஊர் எழுத்தர் பார்த்துத் திருத்தின பிறகுதான் அது பதிவு. வீட்டை எண்ணை வச்சுக் கேக்கணும். சொல்லக்கூடாத பேரை யாரையும் சொல்லச் சொல்லி எந்த அரசாங்க மிஷினும் கேக்கக்கூடாது. தனி ஷரத்தாப் போடு."

"ஷார்கான் சாதிரோவ்னா, எங்க தொண்ணூத்தொன்பதே முக்கால்..." என்று பாய்சால் ஆரம்பித்தான்.

"அதுல எங்க மாமனாரும் ஒருத்தர் தம்பி. உக்காரு."

அவன் உட்கார்ந்தான்.

"தாஷ்-புலாக்குக்கு முந்நூத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் கரி போகணும். எப்பன்னா..." ஒரு கணம் நிறுத்தினார். "வரப்போற வியாழனுக்கு மறுநாள்."

"தேதியாப் போட்டுடவாம்மா?" என்று சுருக்கெழுத்துக்காரர் பயந்து பயந்து கேட்டார்.

"சொன்னதை அப்படியே போடு. புரியறவங்களுக்குப் புரியும்."

அப்படியேதான் போனது. நாரின் கரிக் கிடங்கின் தலைவி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய், பெரிய குடும்பத்து மருமகள், அந்த ஆணையை ஒருமுறை படித்தாள். எந்த நாள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சாய்ராவின் மேசைத் தொலைபேசி அடித்தது. மூடாத ஜன்னல் வழியாகக் குளிர் வந்துகொண்டிருந்ததால் அவள் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் லாரி இரைச்சல், நாய்க் குரைப்பு, சாகின்பாய் யாரையோ எண்ணிக்கை தப்பாகிவிட்டது என்று திட்டும் சத்தம். அதற்கெல்லாம் மேலே பூருல் கத்தினாள்.

"அக்கா! கெட்டிக் கரி வந்துருச்சு!"

கிர்கிஸில் நிலக்கரிக்குப் பெயர் கல் கரி. சாய்ராவுக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, சிரித்துக்கொண்டே, கோப்பைத் திறந்து 'தாஷ்-புலாக், நிலக்கரி வந்து சேர்ந்தது' என்று திருத்தி எழுதிக்கொண்டாள்.